ஆட்டு ஓட்டைக்குக் காது குத்து

ஓட்டைக்கும் நாலு கால் இருக்கும், வால் இருக்கும், நேரத்துக்குப் பசியும் எடுக்கும் என்பதைத் துடியலூருக்கு அந்தப் பக்கம் இருக்கிற குயில்தோப்பு அடுக்ககத்து ஜனங்கள் ஒரு ஐப்பசி மாதத்து மத்தியானம் தெரிந்துகொண்டார்கள். தெரிந்துகொண்டு யாரும் மயங்கி விழவில்லை. அன்றைக்குக் குழாயில் சிறுவாணித் தண்ணீர் வருகிற முறை. குடத்தையும் டிரம்மையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களுக்குச் சுவரில் ஒரு ஓட்டை நடந்து போவதை நின்று பார்க்க ஏது நேரம்? போனால் போகட்டும், நம்ம குடத்தில் வந்து நிற்காமல் இருந்தால் சரி என்று ஒதுங்கி வழிவிட்டுப் போனார்கள்.

அந்த ஓட்டையைப் பெற்றவள் இரண்டாவது மாடித் துளசிமணி. அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலையெல்லாம் வெறும் வயிற்றோடு வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர்களின் கையைப் பிடித்து, நரம்பைத் தட்டி, ஊசியை இறக்கி ரத்தம் எடுப்பாள். அடுக்ககத்தில் அவளிடம் குத்துப்படாத கை ஒன்றுகூடக் கிடையாது. படிக்கட்டில் அவள் எதிரே வந்தால் பெரிய பெரிய ஆட்களே தம்மை அறியாமல் முழங்கையை மடக்கிக்கொள்வார்கள். நாளெல்லாம் தன்னைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்களோடு இருந்துவிட்டு வருகிறவளுக்குத் தன் கை பட்டால் அழகாகிற ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. பால்கனியில் துணி காயப்போடுகிற இடத்தை ஒதுக்கி ஒரு ஸ்க்ரோல் சா மிஷினை வாங்கி வைத்தாள். தையல் மிஷினுக்கு ஊசி எப்படியோ அப்படி அதற்கு நூல் கனத்தில் ஒரு வாள், மேலும் கீழும் குதித்துக்கொண்டே இருக்கும். காலால் பெடலை மிதித்துக்கொண்டு, படம் ஒட்டிய பலகையைக் கையால் திருப்பித் திருப்பிக் கொடுத்தால் மயிலோ மாங்காயோ யாருடைய இனிஷியலோ, கோடு போன போக்கில் வெட்டிக் கொடுத்துவிடும்.

அவள் புருஷன் ராக்கியப்பன் மோட்டார் பட்டறை வைத்திருப்பவர். ஓடாத மோட்டாரை ஓட வைப்பதும், சத்தம் போடுகிற மோட்டாரின் சத்தத்தை நிறுத்துவதும் அவர் தொழில். தண்ணீர் இறைக்காத, மாவு அரைக்காத ஒரு மிஷின் எதற்கு என்பது அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால், "ஏ துளசி, ரசத்துல இன்னிக்கு தேக்கா, பிளைவுட்டா?" என்று கேட்பார். துளசிமணி இன்னொரு கரண்டி ஊற்றுவாள்.

அடுக்ககத்தின் கேட்டுக்கு எதிரே கறிக்கடை வைத்திருக்கிற சடையப்பன்தான் முதல் முதலாக அவளிடம் ஒரு வேலை கேட்டவர். கடை வாசலில் மாட்ட ஒரு பலகை வேண்டும், அதன் நடுவில் வெள்ளாடு வடிவத்தில் வெட்டிய திறப்பு, பின்னால் ட்யூப் லைட். சாயங்காலமானால் ஆடு ஜொலிக்க வேண்டும். துளசிமணிக்குத் தலைகால் புரியவில்லை. நல்ல கெடாவாகப் பார்த்து, தாடி, கொம்பு, தூக்கின வால் எல்லாம் வைத்துப் படம் போட்டு, பலகையில் ஒட்டினாள்.

இங்கேதான் அந்தத் தவறு நடந்தது. பலகை முழுசாக இருக்க, நடுவில் மட்டும் வெட்டி எடுக்க வேண்டும் என்றால் முதலில் படத்துக்குள்ளே டிரில்லால் ஒரு பொட்டுத் துளை போட வேண்டும். வாளின் ஒரு முனையைக் கழற்றி, துளைக்குள் நுழைத்து, மறுபடி மாட்டி, அங்கிருந்து அறுக்கத் தொடங்க வேண்டும். ஸ்க்ரோல் சா பிடிக்கிற எவருக்கும் இது தெரியும். துளசிமணிக்கும் தெரியும். ஆனால் அடுப்பில் பால் வைத்திருந்தாள், டிரில்லை எடுக்க நாற்காலி போட்டு ஏற வேண்டும், போகட்டும் என்று பலகையின் ஓரத்திலிருந்தே வாளை உள்ளே விட்டு, வால் பக்கமாக நுழைந்து, சுற்றி வந்து, அதே கீறல் வழியாக வெளியே வந்துவிட்டாள். தலைமுடி அகலத்துக் கீறல்தானே, மரத்தூளையும் பசையையும் குழைத்து அப்பினால் தெரியாது என்று நினைத்துக்கொண்டு பாலை இறக்கப் போனாள்.

திரும்பி வந்து பார்த்தால், வெட்டியெடுத்த மர ஆடு மேஜைமேல் இருக்கிறது, பலகை நடுவில் ஓட்டை இல்லை. பலகை, கடையிலிருந்து வாங்கி வந்த அன்றைக்கு இருந்தது போலவே வழுவழுவென்று முழுசாகக் கிடந்தது, ஓரத்துக் கீறல் மட்டும் அப்படியே இருந்தது. விஷயம் தெரிந்தவர்கள் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்பார்கள். பட்டியைத் திறந்து வைத்துவிட்டுப் பால் காய்ச்சப் போனால் எந்த ஆடு நிற்கும்?

ஓட்டை பால்கனிச் சுவரில் நின்றுகொண்டிருந்தது. ஒரு சாண் உயரம், தூக்கின வால், தாடி, எல்லாம் கச்சிதம். அதன் வழியாகப் பார்த்தால் அடுத்த வீட்டுப் பிலோமினா டீச்சர் காலை ஸ்டூல்மேல் நீட்டிக்கொண்டு பட்டாணி உரிப்பது தெரிந்தது. டீச்சரும் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் துளசி, சுவத்துல ஆடு மாதிரி என்னமோ தெரியுதே?"

"ஆடேதானுங்க டீச்சர். பலகையிலிருந்து எறங்கி வந்துருச்சுங்க."

"அப்படியா. அப்ப இந்தா, பட்டாணி கொஞ்சம் புடி," என்று டீச்சர் ஆட்டின் வயிற்று வழியாகக் கையை நீட்டினார்.

வரவேற்பு என்று பார்த்தால் அவ்வளவுதான். அதற்குப் பிறகு அது தன் பாட்டுக்குச் சுவர் சுவராகத் திரிந்தது. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு, மூலை திரும்பி, கதவு தாண்டி, மாடி ஏறி, அது போன இடமெல்லாம் ஓட்டை, அது நகர்ந்த இடமெல்லாம் மறுபடி சுவர், கீறல்கூட இல்லாமல் மூடிக்கொள்ளும். தரையில் மட்டும் இறங்காது. நல்ல ஆடு எங்காவது படுத்துக்கொண்டு நடக்குமா? சுவரில் ஒட்டிய காகிதம் எதுவாக இருந்தாலும் மேயும். காலண்டர், கல்யாணப் பத்திரிகை, இரங்கல் போஸ்டர், கேஸ் சிலிண்டர்க்காரரின் நம்பர் ஒட்டிய சீட்டு, எல்லாம் அதற்குள் போய் எங்கோ மறைந்தன. எங்கே போயின என்று எட்டிப் பார்த்தவர்களுக்கு அடுத்த வீட்டு ஃப்ரிட்ஜ்தான் தெரிந்தது.

ஜனங்கள் அதோடு ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். குளிக்கப் போகிறவர்கள் சோப்பு, துண்டோடு ஒரு பழைய பேப்பரையும் பசையையும் எடுத்துக்கொண்டு, முதலில் ஹால் சுவரில் பேப்பரை ஒட்டி ஆட்டை அங்கே வரவழைத்துவிட்டு, பிறகு குளியலறைக்குள் போகிற வழக்கம் வந்தது. இந்த வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் ரசம், மோர், தெர்மாமீட்டர், இரவல் வாங்கிய தேங்காய்த் துருவி எல்லாவற்றையும் ஆட்டின் வழியாகவே மாற்றிக்கொண்டார்கள், வாசல்படியில் புல் முளைக்காதது ஒன்றுதான் பாக்கி. முதல் மாடியில் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார், பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டின் வழியாக அடுத்த வீட்டுப் பெண் பரீட்சைக்கு உரக்கப் படிப்பதைப் பார்த்து, அந்தப் பெண்ணையே பேசி முடித்துக்கொண்டு போனார்கள். பஜ்ஜி சுட்ட வீட்டார் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர்களும் ஆடு வந்து நின்றால் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கும்பிட்டார்கள், அடுத்த தடவை நம் பக்கம் பார்க்கட்டும் என்று.

அது எங்கே இருக்கிறது என்று தெரியாததுதான் தொந்தரவு. கழுத்தில் மணி கட்டலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். கட்டலாம்தான், கழுத்து இருக்கிற இடத்தில் காற்றல்லவா இருக்கிறது என்று கேட்டதும் யோசனை சொன்னவர் பேச்சை மாற்றிவிட்டார்.

சடையப்பன் ஆரம்பத்திலிருந்தே அதன்மேல் கண்ணாக இருந்தார். "பலகை நான் சொன்ன பலகை. அப்ப ஆடும் என்னுதுதானுங்களே?" என்று அகத்திக்கீரைக் கட்டோடு வந்து கேட்டுக்குள் உட்கார்ந்து, நாக்கைச் சொடுக்கிச் சொடுக்கி அழைப்பார். ஆடு அடுக்ககத்தின் எல்லாச் சுவர்களிலும் ஏறியது, காம்பவுண்டுச் சுவரில் ஓடியது, கேட்டுத் தூணில்கூட நின்றது. கறிக்கடைப் பக்கம் மட்டும் மறந்தும் திரும்பவில்லை.

அடுக்ககச் சங்கத்தின் செயலாளர் அம்பலவாணனுக்குத்தான் அதைக் கண்டால் ஆகாது. அவர் அறிவிப்பு ஒட்டுகிறவர். மாடியில் வடகம் காயப்போடாதீர், லிஃப்டில் குதிக்காதீர், பூச்செடிக்கு நல்ல தண்ணீர் ஊற்றாதீர் என்று அழகான கையெழுத்தில் எழுதி ஒட்டிவிட்டுத் திரும்புவதற்குள் ஆடு வந்து 'ஆதீர்'களை எல்லாம் தின்றுவிடும். மிச்சம் இருப்பதைப் படித்துவிட்டு ஜனங்கள் லிஃப்டில் குதித்தார்கள். "சுவர்னா அது சுவரா இருக்கணும்மா," என்று துளசிமணியை நிறுத்தி வைத்துச் சொல்வார், முழங்கையை மடக்கிக்கொண்டே.

தை பிறப்பதற்குள் ஆடு நிஜக் கெடா உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. துளசிமணி வேலை முடிந்து வந்து மிஷினைப் போட்டாளோ இல்லையோ, அந்த டுர்ர்ர் சத்தம் கேட்டு எந்த மாடியில் இருந்தாலும் ஓடி வந்து பால்கனிச் சுவரில் அவள் தோளுக்குப் பக்கத்தில் நிற்கும். வெட்டி முடித்த படக் காகிதங்களை உரித்து அவள் சுவரில் ஒட்டுவாள், அது மேயும். மேய்ந்து முடித்தபின் அதன் வழியாக டீச்சர் வீட்டு மின்விசிறிக் காற்று வந்து அவள் கழுத்து வேர்வையில் படும். அவளுக்கு அதன்மேல் உயிர். தன்னைப் பார்த்துக் கையை மடக்கிக்கொள்ளாமல் தன்னிடம் ஓடி வருகிற ஒரே ஜீவன் அதுதான் என்று அவளே ராக்கியப்பனிடம் சொன்னாள். "நான் எப்ப கையை மடக்குனேன்?" என்று அவர் கேட்டார். போன வாரம் சர்க்கரை டெஸ்ட்டுக்கு என்று அவள் ஞாபகப்படுத்தியதும் முழங்கையைத் தடவிக்கொண்டார்.

சித்திரை வந்தது. வெயில் ஏற ஏற ஆட்டுக்கு உயரத்தின்மேல் ஆசை வந்தது. ஒரு மத்தியானம், எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரு வாரத்துக்கான நல்ல தண்ணீர் நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்த மொட்டைமாடித் தொட்டியின் சிமெண்டுச் சுவரில் போய் ஏறி நின்றது.

தண்ணீர் ஆடாகக் கொட்டியது. கொம்பும் தாடியும் வயிறும் நாலு காலுமாக, வெயிலில் பளபளவென்று ஒரு முழு ஆடு மூன்று மாடி உயரத்திலிருந்து கார் நிறுத்துகிற இடத்தில் வந்து விழுந்துகொண்டே இருந்தது. ஜனங்கள் கையில் கிடைத்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். ஒருவர் கொம்புக்கு அடியில் அண்டாவை வைத்தார், பிலோமினா டீச்சர் வால் பக்கம் பிரஷர் குக்கரைப் பிடித்தார். ஆடு பயந்து அசையாமல் நின்றதால் அதன் குளம்புக்குக் கீழே இருந்த தண்ணீரைத் தவிர மற்றதெல்லாம் போய்விட்டது. அந்த வாரம் முழுக்க ஜனங்கள் பிடித்து வைத்ததை அளந்து குடித்தார்கள். ஒருவரும் துணி துவைக்கவில்லை. கைக்குழந்தை வைத்திருக்கிற வீடுகளில் அழுகையே வந்துவிட்டது, அதைப் பார்த்துத் துளசிமணிக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கார் ஷெட்டில் கூட்டம் போட்டார்கள்.

"கொத்தனாரை வரச் சொல்லி, அது அசையாம நிக்கிற நேரம் பார்த்து சிமெண்ட் வெச்சு அடைச்சிடலாம்," என்றார் அம்பலவாணன்.

"ஐயோ, உசுரோடயா?" என்றார் டீச்சர்.

"ஓட்டைக்கு ஏதுங்க டீச்சர் உசுரு?" என்று திருப்பிக் கேட்டார் செயலாளர்.

"அடைக்கறதுக்குப் பதிலா எங்கிட்ட குடுத்துருங்க, நான் பாத்துக்கறேன்," என்று சடையப்பன் இடையில் புகுந்தார். ஓட்டையை என்ன செய்வீர்கள், எடை போட்டா விற்பீர்கள் என்று யாரோ கேட்டும் அவர் தான் கேட்டதை வாபஸ் வாங்கவில்லை.

துளசிமணி எழுந்தாள். "தப்பு என்னுதுங்க. ஓரத்துல இருந்து வெட்டியிருக்கக் கூடாது. சிமிட்டி வேண்டாமுங்க. நானே மரத்துல வெட்டி, அளவா அடைச்சுத் தர்றேன்."

"அடுத்த ஞாயிறு வரைக்கும் பார்ப்போம்," என்றார் அம்பலவாணன். "அன்னைக்குக் கொத்தனாரும் இங்கே இருப்பார்."

அன்று சாயங்காலமே அவள் அளவெடுக்க உட்கார்ந்தாள். காகிதம் வைத்தால் தின்றுவிடும் என்பதால் ராக்கியப்பனின் பழைய வேட்டியைச் சுவரில் விரித்துப் பிடித்து, பென்சிலால் விளிம்பைச் சுற்றிக் கோடு இழுத்தாள். தையல்காரரிடம் நிற்கிற குழந்தை மாதிரி ஆடு அசையாமல் நின்று கொடுத்தது. அது அப்படி நின்றதுதான் அவளால் தாங்க முடியாமல் போயிற்று. வேட்டியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து கோடு போட வேண்டியதாயிற்று.

அவ்வளவு பெரிய பலகையைத் திருப்ப மிஷினில் இடமில்லை. தலையைத் தனியாக, வயிற்றைத் தனியாக, பின்புறத்தைத் தனியாக அறுத்து, பின்னால் சட்டம் கொடுத்து ஒட்ட வேண்டும். டுர்ர்ர் என்று மிஷின் ஓடிய உடனே ஆடு வழக்கம் போல ஓடி வந்து தோளருகில் நின்றது. தன்னை மூடப்போகிற மூடியைத் தானே பார்த்துக்கொண்டு நிற்கிறதே என்று அவள் நினைத்தாள். தலையை அறுத்தாள், வயிற்றை அறுத்தாள், கால்களுக்கு வந்ததும் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டாள்.

ராக்கியப்பன் வந்து பார்த்தபோது மிஷினை அணைத்துவிட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க, நம்ம ஜன்னலும் ஓட்டைதானுங்களே?"

"ஆமா."

"அதை ஆராச்சும் சிமிட்டி வெச்சுப் பூசறாங்களா?"

"எதுக்குப் பூசறது? அதான் கதவு போட்டிருக்குதல்ல," என்று சொன்னவர், சொன்னபின் தான் சொன்னதையே ஒரு தடவை யோசித்துப் பார்த்தார். பிறகு பட்டறைக்குப் போய், பழைய சாமான் பெட்டியிலிருந்து இரண்டு இரும்புக் கீல்களையும் ஒரு கொண்டியையும் கொண்டு வந்து மேஜையில் வைத்தார். அறுத்து வைத்திருந்த மூடியைக் கதவாக முடிக்க, துளசிமணி மறுபடி பெடலில் காலை வைத்தாள்.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. கீலைச் சுவரில் முடுக்கினால் ஆடு நகரும்போது கதவு சுவரோடு நின்றுவிடும். ஆட்டின் விளிம்பிலேயே முடுக்க வேண்டும், திருகாணி அதன் உடம்பில்தான் இறங்க வேண்டும். ஊரையே ஊசியால் குத்தின துளசிமணிக்கு அதைச் செய்ய மட்டும் மனசு வரவில்லை.

"அதுக்கேன் பயப்படறே? காது குத்தறதில்லையா?" என்றார் பிலோமினா டீச்சர், ஆட்டின் வழியாகத் தலையை நீட்டி. "குழந்தை கொஞ்ச நேரம் அழும், அப்புறம் தோடு போட்டுட்டுத் திரியும்."

காது குத்து என்று ஒரு வார்த்தை காதில் விழுந்துவிட்டால் அப்புறம் நம் ஜனங்களை நிறுத்த முடியுமா? ஞாயிற்றுக்கிழமைக்கு வாழைமரம் வந்தது, மைக் செட் வந்தது, சேலை எடுத்தவர்கள் சேலை எடுத்தார்கள். மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. காது குத்துகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் வேண்டும். துளசிமணிக்கு உடன்பிறந்தவர் யாருமில்லை. அவள் நேராகக் கறிக்கடைக்குப் போனாள்.

"அண்ணா, நீங்கதான் மாமனா வந்து மடியில வெச்சுக்கோணும்."

சடையப்பன் கத்தியைக் கீழே வைத்தார். "நானுங்களா? நான் அதைக் குடுங்க குடுங்கன்னு சுத்திட்டிருந்தவனுங்க அம்மணி."

"அதனாலதானுங்க உங்களைக் கேக்கறேன்."

சடையப்பனுக்கு அக்கா தங்கை கிடையாது. அவரை மாமா என்று கூப்பிட உலகத்தில் ஒரு உயிர் இல்லை. அவர் கறி வெட்டுகிற கட்டையைத் துடைத்தார், துடைத்த கட்டையையே மறுபடி துடைத்தார். "பட்டு வேட்டி ஒண்ணு இருக்குது. கட்டீட்டு வர்றனுங்க," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் ஷெட்டின் பக்கவாட்டுச் சுவருக்கு எதிரே எல்லாரும் கூடினார்கள். ஒரு ஓரத்தில் கொத்தனார் கலவை கலந்து, கரண்டியோடு தயாராக நின்றார். பக்கத்தில் அம்பலவாணன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராக்கியப்பன் மிஷினை மாடியிலிருந்து தூக்கி வந்து, ஒயர் இழுத்து ஓட்டினார். டுர்ர்ர் சத்தம் கேட்டதும் ஆடு மூன்றாவது மாடியிலிருந்து சுவரோடு குதித்துக் குதித்து இறங்கி வந்தது. சடையப்பன் பட்டு வேட்டியோடு சுவரில் சாய்ந்து சப்பணம் போட்டு உட்கார, அது அவர் மடிக்கு நேராக வந்து நின்றது.

துளசிமணி திருகாணியை விளிம்பில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு திருகினாள். அடுக்ககம் முழுக்க ஒரு தடவை சிலிர்த்தது, அலமாரிகளில் தட்டெல்லாம் கிணுகிணுத்தன, ஆடு திமிறி ஓடப் பார்த்தது. சடையப்பன் பட்டென்று திரும்பிச் சுவரை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். "ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல. மாமன் இருக்கறனல்ல, ஆச்சு, ஆச்சு," என்று சுண்ணாம்பில் கன்னத்தை வைத்துச் சொல்லிக்கொண்டே இருந்தார், அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பின்புறத்தில் மேலொன்றும் கீழொன்றுமாகக் கீல்கள் ஏறின. மரக் கதவு பொருந்தியது. துளசிமணி மெதுவாகச் சாத்தி, கொண்டியைப் போட்டாள்.

ஆடு நின்றுவிட்டது. சும்மா நிற்கவில்லை, சுவரில் பதித்த மரப்படம் மாதிரி நின்றுவிட்டது. காது குத்துக்குக் கெடா விருந்து போடுகிற ஊரில், சடையப்பன் தன் ஆயுளில் முதல் தடவையாகத் தக்காளி சாதம் ஆக்கிப் போட்டார். ஜனங்கள் சாப்பிட்டுக்கொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். காகிதம் ஒட்டிப் பார்த்தார்கள், மிஷினை ஓட்டிப் பார்த்தார்கள், அது அசையவில்லை. கொத்தனார், "அடைச்சாச்சுங்களே, அப்ப நான் எதுக்குங்க?" என்று கலவையை வழித்துக்கொண்டு போனார். அம்பலவாணன் மட்டும் துளசிமணியின் முன்னால் வந்து, தான் நினைத்தது நடந்தும் ஏனோ சந்தோஷமில்லாத குரலில், "ரொம்ப நன்றிம்மா," என்றார்.

மைக் செட்டைக் கழற்றினார்கள், வாழைமரத்தை இழுத்துப் போட்டார்கள். துளசிமணி சுவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "கதவு வெக்கறேன்னு சொல்லிக் கொன்னு போட்டனுங்க," என்று அழுதாள். ராக்கியப்பனுக்கு ஆறுதல் சொல்லிப் பழக்கமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த மரத்தூளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, பால் பாக்கெட்டுக்குக் கதவு திறக்கிற நேரத்தில், எங்கிருந்தோ ஒரு சத்தம் கேட்டது. ம்ம்மேஏஏ என்று நீளமாக, கொஞ்சம் துருப்பிடித்த குரலில். ஒவ்வொரு வீட்டிலும் சமையலைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். கார் ஷெட் சுவர் வெறுமையாக இருந்தது. மறுபடி கேட்டது, இந்தத் தடவை மேலே. எதிரே கறிக்கடையில் சடையப்பன் கத்தியைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு வந்து, "என்னங் கண்ணு, மாமன் இங்க இருக்கறேன்!" என்று அண்ணாந்து குரல் கொடுத்தார். 'தொட்டி!' என்று யாரோ அலற, அடுக்ககமே குடத்தோடும் அண்டாவோடும் மொட்டைமாடிக்கு ஓடியது.

ஆடு தண்ணீர்த் தொட்டிச் சுவரில்தான் நின்றுகொண்டிருந்தது. கதவு சாத்தியிருந்தது. அம்பலவாணன் மூச்சு வாங்க முன்னால் போய், தொட்டிச் சுவரைத் தடவிப் பார்த்தார். கதவைச் சுற்றி வாள் ஓடின இடைவெளியில் ஈரம் பொட்டுப் பொட்டாகக் கசிந்திருந்தது, அவ்வளவுதான். அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அடுத்த குறை எதையாவது தேடுகிறவர் போல வானத்தைப் பார்த்தார்.

எல்லாரையும் பார்த்த சந்தோஷத்தில் ஆடு பக்கத்துப் படிக்கட்டறைச் சுவருக்குத் தாவி இறங்கி, கொண்டியைத் தானே தள்ளி, கதவை அகலத் திறந்து மூடியது. ம்ம்மேஏஏ. துளசிமணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ராக்கியப்பன் அதற்குள் சட்டைப் பையிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்து மூடியைத் திருகியிருந்தார். சத்தம் என்று ஒன்று கேட்டால் அவர் கை அதுவாகவே அங்கே போய்விடும். "கீல் காஞ்சு கெடக்குது. ரெண்டு சொட்டு விட்டா சத்தம் நின்னு போகும்," என்று சொல்லிக்கொண்டே குப்பியின் மூக்கைக் கீலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"வேண்டாமுங்க," என்றாள் துளசிமணி.

ஆடு இன்னொரு தடவை கதவைத் திறந்தது. ராக்கியப்பன் குப்பியைப் பிடித்தபடியே தலையைச் சாய்த்து, மோட்டாருக்குக் காது கொடுக்கிற மாதிரி, அந்த நீளக் குரல் முடிகிறவரைக்கும் கேட்டார்.

"இது... கத்துதா?"

"ஆமாங்க. கத்துது."

அவர் குப்பியின் மூக்கில் நின்றிருந்த சொட்டை விரலால் வழித்துத் தலையில் தேய்த்துக்கொண்டு, மூடியை இறுக்கித் திருகிப் பைக்குள் போட்டார்.

"அப்பக் கத்தட்டும்," என்றார்.